மூன்று தலைமுறைப் புகை

அம்பத்தூர் எஸ்டேட்டில் வார்ப்படப் பட்டறைக்கும் நிக்கல் முலாம் பூசும் கொட்டகைக்கும் நடுவே 'தளிர்வனா' இருந்தது. உள்ளே தளிரும் இல்லை, வனமும் இல்லை. வாசலில் இரண்டு தொட்டிகளில் பிளாஸ்டிக் மூங்கில் நின்றது. பக்கத்துப் பட்டறையின் கரி படிந்து அது கறுத்துப்போகும் என்பதால் வாரத்துக்கு ஒருமுறை அதற்கு ஷாம்பு போட்டுத் தலைகுளிப்பாட்டினார்கள்.

உள்ளே நடந்த வேலை எளிமையானது. மூட்டையில் வரும் டீத்தூளைச் சின்னச் சின்ன பிளாஸ்டிக் குப்பிகளில் அளந்து நிரப்பி, மேலே ஈயத்தாள் ஒட்டி, டப்பாவில் அடுக்குவது. குப்பிக்குப் பெயர் கேப்ஸ்யூல். அதற்கென்று உள்ள மெஷினில் ஒன்றைப் போட்டுப் பொத்தானை அமுக்கினால் ஒரு ஆளுக்கு ஒரு கப் டீ விழும். எதிர்க் கடையில் பன்னிரண்டு ரூபாய்க்கு விற்கும் சமாசாரம் இங்கே எழுபது ரூபாய். "நடுவுல இருக்குற ஐம்பத்தெட்டு ரூபாய்தான் அனுபவம்" என்று முதலாளி சரண் மேடைகளில் சொல்லிக் கைதட்டு வாங்கியிருக்கிறார்.

சரணுக்கு வயது முப்பத்தெட்டு. பத்து வருடம் சோழிங்கநல்லூரில் கம்ப்யூட்டர் தட்டிக்கொண்டிருந்தவரை ஒருநாள் திடீரென்று மண்ணின் மணம் அழைத்தது. அழைத்த மண் அம்பத்தூர் சிட்கோவில் வாடகைக்குக் கிடைத்தது. 'நான்கு தலைமுறைத் தேயிலைப் பாரம்பரியம்' என்று டப்பாவில் அச்சடித்திருந்தார். அவருடைய அப்பா பொதுப்பணித் துறையில் தலைமை எழுத்தர்; தாத்தா தாலுகா ஆபீஸ். நான்கு தலைமுறையாக அந்த வீட்டில் குடித்தது காப்பி. சரணும் தினம் முகப்பேரிலிருந்து ஃபிளாஸ்க்கில் ஃபில்டர் காப்பி கொண்டுவந்துதான் குடித்தார். தன்னை யாரும் சார் என்று கூப்பிடக் கூடாது, இது குடும்பம் என்பார். ஒரே ஒரு தடவை 'சரண்' என்று கூப்பிட்டுப் பார்த்த லோடுமேன் மறு வாரம் குடும்பத்தில் இல்லை.

அங்கே தொழிலாளி என்ற சொல்லும் கிடையாது. மனிதவளத் தலைவி மதிவதனி அதை ஒழித்திருந்தாள். அவளுக்கு இருபத்தேழு வயது. எல்லாரையும் 'அக்கா' என்று கூப்பிட்டபடியே வேலையை விட்டு எடுக்கும் கலை கைவந்திருந்தது. லைனில் நிற்கும் பதினாறு பெண்களும் அவள் கணக்கில் 'டீ ஆர்ட்டிஸ்டுகள்'. மெமோகூட 'அன்புள்ள டீ ஆர்ட்டிஸ்ட்' என்றுதான் தொடங்கும்.

மெமோ பெரும்பாலும் வாசனைக்காக வரும். டீத்தூளைப் போல வாசனை திருடுகிற பண்டம் வேறில்லை. மளிகைக் கடைக்காரன்கூட சோப்புக்குப் பக்கத்தில் டீத்தூளை வைக்க மாட்டான். ஆகவே லைனுக்குப் போகிறவர்கள் பூ வைக்கக் கூடாது, பவுடர் போடக் கூடாது, தேங்காயெண்ணெய் தடவக் கூடாது. காலையில் கேட்டில் வரிசையாக நிற்க வேண்டும். செக்யூரிட்டி பேபி ஒவ்வொருத்தியின் தலையையும் பிடரியையும் முகர்ந்து, நோட்டில் எழுதி உள்ளே விடுவாள். பேபி இருபது வருடம் திருவேற்காட்டுக் கோயில் வாசலில் பூ கட்டி விற்றவள். இப்போது பூ வைத்தவர்களைப் பிடித்துக் கொடுப்பது பிழைப்பு.

"திரும்பு. குனி. இன்னாடி, நேத்து நெத்திலி வறுத்தியா?"

"முந்தாநேத்துக்கா."

"தலைல இன்னும் நீந்திகினு கீது. போ, போ, அந்தம்மா வர்றதுக்குள்ள போ."

இப்படிப் பேபி கண்ணை, அதாவது மூக்கை, மூடிக்கொண்டு விட்டும்கூட லைனில் நிற்கும் வசந்தகுமாரிக்கு இரண்டு மெமோ விழுந்திருந்தது. ஒன்று நாத்தனார் மகள் கல்யாணத்துக்கு மறுநாள், தலையில் ஒட்டிக்கொண்டிருந்த ஒற்றை மல்லி மொட்டுக்காக. மற்றொன்று நெத்திலிக்காக, அன்றைக்கு கேட்டில் மதிவதனி தானே நின்று முகர்ந்தாள். மூன்றாவது மெமோ வந்தால் வீட்டுக்கு.

வசந்தகுமாரி பட்டரவாக்கத்துக்காரி. முதல் மெஷின் அவள் பொறுப்பு. ஓடுகிற குப்பியின் மூடியைக் கட்டைவிரலால் ஒரு தட்டு தட்டி, காற்றுப் போகிறதா இல்லையா என்று சொல்லிவிடுவாள். மூன்றரை வருடமாகக் காண்ட்ராக்டில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் பச்சையப்பன் பாடியில் லாரிக்குச் சரக்கேற்றியவர்; சர்க்கரைப் புண் கால் கட்டைவிரலை எடுத்துக்கொண்டு, அடுத்த விரலை விசாரித்துக்கொண்டிருந்தது. நிரந்தரமானால் இஎஸ்ஐ அட்டை வரும், அயனாவரத்தில் வைத்தியம் பார்க்கலாம். காண்ட்ராக்டரைக் கேட்டால் "அதெல்லாம் கம்பெனி ஸ்டாஃபுக்குத்தாம்மா" என்று ஜகா வாங்கினார்.

இதில் இன்னொரு பூட்டும் இருந்தது. நாற்பது நிறைந்தவர்களை நிரந்தரப் பட்டியலில் சேர்ப்பதில்லை என்று மதிவதனி ஒரு விதி எழுதியிருந்தாள். இளமையான குடும்பம் வேண்டுமாம். வசந்தகுமாரிக்கு நவம்பர் இருபத்தெட்டில் நாற்பது. நிரந்தர ஆணை வழங்குவது ஆயுதபூஜையை ஒட்டி, வருடத்துக்கு ஒரே ஒரு தடவை. இந்த வருடம் இல்லையென்றால் இல்லை.

அந்த ஆயுதபூஜையை சரண் பெரிதாகச் செய்தார். துபாயில் பன்னிரண்டு ஓட்டல் நடத்தும் கம்பெனி ஒன்று சாம்பிள் கேட்டிருந்தது. பாரம்பரியத்தோடு நவீனம் கைகோர்க்கும் காட்சியை வீடியோ எடுத்துப் போட வேண்டும். வீடியோக்காரர் வந்தார். கொரட்டூரிலிருந்து ஐயர் வந்தார். மெஷினுக்குச் சந்தனம், குங்குமம், வாழைக்கன்று, மாலை எல்லாம் ஆயிற்று. பூவே ஆகாத அறையில் அன்று எட்டு முழம் சாமந்தி தொங்கியது. மெஷினுக்கு மெமோ கிடையாது.

நாலு தூபக்கால்களில் சாம்பிராணி போட்டார்கள். வீடியோக்காரருக்குப் போதவில்லை. "சார், பொகை கேமராவுல நிக்க மாட்டுது. இன்னும் வேணும்." அரைக் கிலோ பொட்டலம் அப்படியே தணலில் கொட்டப்பட்டது. மேசை விசிறி வைத்துப் புகையை மெஷின் பக்கம் திருப்பினார்கள்.

மெஷினின் தலையில் தூள் கொட்டுகிற பெரிய புனல் ஒன்று உண்டு, ஹாப்பர் என்பார்கள். அதில் நாற்பது கிலோ தூள் நிறைந்திருந்தது. வசந்தகுமாரி ஸ்டீல் மூடியைத் தூக்கிக்கொண்டு ஓடினாள்.

"சார், மூடிட்றேன் சார். பொகைய புட்சிக்கும் தூளு."

"அக்கா, மூடினா தூள் எப்படித் தெரியும்?" என்றார் சரண். " தொறந்தே இருக்கட்டும். பாசிட்டிவ் எனர்ஜி உள்ள போகட்டும்."

"எனர்ஜி போவட்டும் சார். பொகையும் கூடவே பூடும்ல?"

வீடியோக்காரர் சிரித்தார். சரண் சிரிக்கவில்லை. மதிவதனி வந்து மூடியை மெல்ல அவள் கையிலிருந்து வாங்கினாள். "அக்கா, இன்னிக்கு நல்ல நாள். நெகட்டிவா பேசாதீங்க." பொரி கடலை வைக்கப் பெரிய தாம்பாளம் இல்லாமல் ஐயர் தவித்துக்கொண்டிருந்தார். மதிவதனி மூடியைக் கவிழ்த்து அவரிடம் கொடுத்தாள். அளவு கச்சிதமாக இருந்தது.

பூஜைக்கு வைத்த பொருளை மறுநாள் வரை தொடக் கூடாது. ஆகவே மூடி பொரியோடு சாமி படத்துக்கு முன்னாலும், ஹாப்பர் திறந்தபடி புகைக்கு நடுவிலும் அன்று முழுவதும் இருந்தன. ஏசி நின்ற, ஜன்னல் இல்லாத அறை. கதவை வெளியே பூட்டினார்கள். அதற்கு முன் சரண் எல்லாருக்கும் பொரிப் பொட்டலம் கொடுத்து அறிவித்தார்: "துபாய் ஆர்டர் ஓகே ஆகட்டும். இந்த வருஷ நிரந்தர லிஸ்ட்ல முதல் பேர் வசந்தகுமாரியக்கா."

வீடியோவை நாலாயிரம் பேர் விரும்பினார்கள்.

விஜயதசமி காலையில் மெஷினைத் தொட்டுக் கும்பிட்டு ஓட்டினாள் வசந்தகுமாரி. முதல் ஓட்டமே துபாய்க்கான சாம்பிள். நூறு குப்பி இறங்குவதற்குள் நிறுத்திவிட்டு மதிவதனியிடம் போனாள்.

"மேடம், தூளு கர்ப்பகிரகம் மாரி கீது. மோந்து பாருங்க. இத்த அனுப்பாதீங்க."

"அக்கா, நீங்க ஆபரேட்டர். டேஸ்டர் இல்ல. கூரியர் வண்டி பதினொரு மணிக்கு."

அந்தக் கட்டடத்தில் யாராவது ஒருவர் ஒரு குப்பியைப் போட்டுக் குடித்துப் பார்த்திருந்தால் கதை இங்கேயே முடிந்திருக்கும். ஆர்ட்டிஸ்டுகள் குப்பியைத் திறந்தால் திருட்டு. ஆபீசில் எல்லாரும் காப்பி.

பதினோராவது நாள் துபாயிலிருந்து மெயில் வந்தது. இரண்டே வரி. 'உங்கள் சாம்பிளில் வழக்கத்துக்கு மாறான ஒரு புகை வாசனையை எங்கள் டேஸ்டர் கவனித்தார். அது எவ்வாறு வந்தது என்று உடனே விளக்கவும்.'

சரண் ஒரு குப்பியைக் கிழித்து முகர்ந்தார். முகம் விழுந்துவிட்டது. அப்போதுதான் அவருக்கு வீடியோவில் தான் நெஞ்சில் கைவைத்துப் புகைக்கு நடுவே நின்ற காட்சி ஞாபகம் வந்தது.

"பூஜையாலன்னு சொல்லிடலாமா?"

"வேண்டாம் சார். சுத்தம் இல்லாத யூனிட்டுன்னு எழுதிடுவாங்க. அப்புறம் சாமி மேல பழி போட்ட மாதிரியும் ஆயிடும்" என்றாள் மதிவதனி. சாமி மேல் போடக் கூடாது, சரண் மேல் போட முடியாது. மிச்சம் பதினாறு பேர். அதில் இரண்டு மெமோ உள்ளவள் ஒருத்தி.

வசந்தகுமாரியை ஏசி அறையில் உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள். மூன்றரை வருடத்தில் அந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்தது அன்றைக்குத்தான். தட்டச்சு செய்த காகிதத்தைத் தமிழிலேயே படித்துக் காட்டினாள் மதிவதனி: 'மேற்படி தொகுதியில் ஏற்பட்ட புகை வாசனை முழுக்க முழுக்க என் செயலால் மட்டுமே உண்டானது. நிர்வாகத்துக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை.'

"இன்னா மேடம் இது! மூடுறேன் மூடுறேன்னு அட்சிக்கினவளே நானு. மூடிய புடுங்கி பொரி போட்டது நீங்க!"

"அக்கா, இது ஒரு ஃபார்மாலிட்டி. அவங்களுக்கு ஒரு பேர் வேணும், அவ்ளோதான். நீங்க கையெழுத்துப் போட்டா ஆர்டர் வரும். ஆர்டர் வந்தா முதல் ஆணை யாருக்கு? சார் எல்லார் முன்னாடியும் சொன்னாரா இல்லையா?"

"போடலன்னா?"

"மூணாவது மெமோ ரெடியா இருக்குக்கா. எனக்கே கஷ்டமா இருக்கு."

சரண் ஜன்னல் வழியே பிளாஸ்டிக் மூங்கிலைப் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பத்தில் கஷ்டமான பேச்சு நடக்கும்போது அவர் இயற்கையைப் பார்ப்பது வழக்கம்.

அவள் கையெழுத்துப் போட்டாள். மாலை ஐந்து மணிக்கு மூன்றாவது மெமோவையும் கொடுத்துவிட்டார்கள். ஆதாரம்: குற்றத்தை ஒப்புக்கொண்டு அவளே கையெழுத்திட்ட கடிதம். கேட்டில் அடையாள அட்டையை வாங்கிக்கொண்ட பேபி வழக்கம்போல் குனிந்து முகர்ந்துவிட்டு, "ஒண்ணுமே இல்லியேடி" என்று அழுதாள்.

துபாய்க்கு அந்தக் கடிதத்தோடு பதில் போயிற்று. 'இது ஒரு தனிப்பட்ட தொழிலாளியின் செயல். அவர் நீக்கப்பட்டார். இனி ஒருபோதும் நிகழாது என உறுதியளிக்கிறோம்.'

எட்டு நாள் வசந்தகுமாரி ஐயப்பன்தாங்கல் வரை போய் அபார்ட்மெண்டுகளில் வீட்டுவேலை கேட்டுப் பார்த்தாள். பச்சையப்பன் கட்டிலில் காலைத் தூக்கி வைத்துக்கொண்டு, "அந்தாண்ட விரலு மரத்துகினு வருதுமே" என்று தகவல் மட்டும் சொன்னார்.

ஒன்பதாம் நாள் துபாயிலிருந்து இரண்டாவது மெயில் வந்தது.

'நீக்கிவிட்டீர்களா! எங்கள் டேஸ்டருக்கு அந்தப் புகை மணம் மிகவும் பிடித்திருந்தது. பன்னிரண்டு ஓட்டல்களுக்கும் அதையே வாங்க எண்ணியிருந்தோம். அந்தப் பெண் எப்படிச் செய்தார் என்பதை அவர் வாயாலேயே கேட்க விரும்புகிறோம். வியாழக்கிழமை வீடியோவில் பேச முடியுமா?'

சரண் அதை மூன்று தடவை படித்தார். புகை வரக் காரணம் தாம்தான் என்று இப்போது உலகத்துக்கே கத்தத் தயாராக இருந்தார். ஆனால் அவரே அனுப்பிய கடிதம் குறுக்கே நின்றது: முழுக்க முழுக்க அவள் செயல், நிர்வாகத்துக்குப் பங்கே இல்லை.

மதிவதனி தானே கார் எடுத்துக்கொண்டு பட்டரவாக்கம் ரயில்வே கேட் தாண்டி, சந்துக்குள் நடந்து போனாள். வசந்தகுமாரி ஸ்டவ்வடியிலிருந்து எழுந்திருக்கவில்லை.

"பர்மனென்ட் ஆர்டர கைல குடுத்தாத்தான் வருவேன் மேடம். வாயால குட்த்தது போதும்."

"குடுக்குறேன்க்கா. கம்பெனி லெட்டர்ஹெட்ல, சார் கையெழுத்தோட. உங்க மேல சத்தியமா."

"என் மேல ஏம்மா? உங்க மேல பண்ணுங்க."

மதிவதனி செய்தாள். அவளுக்கு அதெல்லாம் ஒரு ஃபார்மாலிட்டி.

வியாழக்கிழமை வசந்தகுமாரியை ஏற இறங்கப் பார்த்த சரணுக்கு ஏதோ குறைந்தது. "பூ! பூ இல்லையே. இந்த அத்தென்டிசிட்டிக்கு பூ வேணும்ல?" பேபியை மார்க்கெட்டுக்குத் துரத்தினார்கள். இரண்டு முழம் மல்லி வந்தது. அவள் தலையில் அதை வைத்துவிட்டவளும் பேபிதான். வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் நோட்டை எடுத்து 'மல்லி' என்று எழுதப் போய், பிறகு அடித்தாள்.

ஆணை உறையில் வந்தது. இங்கிலீஷ். வசந்தகுமாரி தன் பெயரையும் சரண் கையெழுத்தையும் பார்த்தாள். மடித்து ரவிக்கைக்குள் வைத்துக்கொண்ட பிறகே கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

திரையில் நரைத்த முடியை ஆண்பிள்ளைபோல் வெட்டிய ஒரு அம்மாள் தெரிந்தாள். கையெடுத்துக் கும்பிட்டுவிட்டு இங்கிலீஷில் என்னவோ கேட்டாள். அந்தப் புகையை எப்படிக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்பதாக மதிவதனி சொன்னாள்.

வசந்தகுமாரி உள்ளதைச் சொன்னாள். "எம்மா, ஆய்த பூஜைக்கு அர கிலோ சாம்பிராணிய கொட்னாங்க. மூடுன்னேன், மூட வுடல. மூடிய புடுங்கி பொரி வச்சிட்டாங்க. ராவெல்லாம் தூளு பொகைலியே கெடந்துது. என் மேல பழிய போட்டு தொரத்திட்டாங்க. இதாம்மா நடந்துது."

மதிவதனி இங்கிலீஷில் விரிவாகச் சொன்னாள்: இது இவர்கள் குலத்தில் கோயில் தூபத்தில் இலையை உறங்கவைக்கும் பழைய முறை, பௌர்ணமிக்குப் பௌர்ணமி, பொரி நிவேதனத்தோடு மட்டுமே செய்வார்கள், மூன்று தலைமுறையாக வெளியாருக்குச் சொன்னதில்லை. முதலாளிக்கு நான்கு தலைமுறை என்பதால் மரியாதைக்கு ஒன்று குறைத்துக்கொண்டாள்.

திரையில் அந்த அம்மாளுக்குக் கண் கலங்கியது. "அழுவுறாங்களா?" என்றாள் வசந்தகுமாரி. "ஒருத்தராவது பாவப்பட்டாங்களே."

ஆர்டர் அன்று மாலையே வந்தது. சரண் எழுந்து நின்று கைதட்டினார். அது தனக்குத்தான்.

"அக்கா, யாராவது கேட்டா மூணு தலைமுறை ரகசியம்னு சொல்லிடுங்க, சரியா?" என்று மதிவதனி அவளைக் கதவுவரை கொண்டுவந்தாள். "நாளைலேர்ந்து வந்துடுங்க. இனிமே தினம் சாம்பிராணி போட ஆள் வேணுமில்ல? தூபம் உங்க பொறுப்பு. பூ மட்டும் எடுத்துடுங்க. மல்லி வாசனை கலந்துடும்."

"இஎஸ்ஐ அட்ட எப்ப மேடம் வரும்?"

"ஆணைல எல்லாம் போட்டிருக்குக்கா. ஆறு மாசம் ப்ரொபேஷன். அதாவது பார்த்துப் பழகுற காலம். அது முடிஞ்சதும் நிரந்தரம், அட்டை, எல்லாம். அதுவரைக்கும் முன்ன மாதிரியே காண்ட்ராக்டர்கிட்ட."

வசந்தகுமாரி விரல் விட்டு எண்ணவில்லை. எண்ண வேண்டிய அளவுக்கு நாள் இல்லை. "ஆறு மாசமா? இந்த மாசக் கடைசில எனக்கு நாப்பது முடிஞ்சிடும் மேடம். நாப்பதுக்கு மேல கெடியாதுன்னு நீங்கதானே எழுதி ஒட்னீங்க?"

மதிவதனி உண்மையான அன்போடு அவள் தோளைத் தொட்டாள்.

"அட, ஆமால்ல! அட்வான்ஸ் ஹேப்பி பர்த்டே அக்கா."

பிறந்தநாள் பரிசாக அதே புகைத் தூள் நிரப்பிய இருபது குப்பி கொண்ட டப்பா ஒன்றையும் கையில் கொடுத்தாள். கேட்டில் பேபி மல்லியை அவிழ்த்து வாங்கி, செக்யூரிட்டி அறைப் பிள்ளையார் படத்தில் மாட்டினாள். அவர் லைனுக்குப் போகிறவர் இல்லை.

வீட்டில் அந்த மெஷின் ஏது? வசந்தகுமாரி அரிவாள்மணையில் குப்பியின் கழுத்தை அறுத்து, தூளைக் கொதிக்கும் பாலில் கொட்டினாள். ஒரு டம்ளருக்கு மூன்று குப்பி தேவைப்பட்டது. பச்சையப்பன் கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து ஒரு வாய் உறிஞ்சினார். அப்படியே டம்ளருக்குள் துப்பினார்.

"இன்னாடி கஸ்மாலம் இது? எழவு ஊட்டு வாச்ன வருது!"

அவள் அவர் காலைப் பார்த்தாள். துணிக்கட்டுக்கு வெளியே இரண்டாவது விரல் நாவல்பழ நிறத்தில் இருந்தது.

"குட்ச்சி பழகிக்கய்யா" என்றாள். "மூணு தலமொறயா நம்ம ஊட்ல இதானாம்."